ஓட்டுக்கு மேல் மரநாய் குடியேறினால்

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் போன் அடித்தால் அநேகமாக இந்த விஷயமாகத்தான் இருக்கும். "மேஸ்திரி, ஓட்டு மேல யாரோ நடக்கிற மாதிரி இருக்கு. திருடனா இருக்குமோ?" என்பார்கள். திருடன் ஒரு நாள் வருவான், ஓட்டைப் பிரிப்பான், போய்விடுவான். தினமும் இருட்டியதும் புறப்பட்டு, விடியுமுன் திரும்பி வந்து படுத்துக்கொள்ள மாட்டான். அது மரநாய்.

நான் ஓடு மாற்றுகிறவன். அப்பாவுக்கும் அதே வேலை. ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், தென்பெண்ணை ஆற்றங்கரை. கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, பர்கூர், இந்தப் பக்கம் பாலக்கோடு, மாரண்டஅள்ளி வரை வேலைக்குப் போகிறேன். 26 வருஷமாக ஏறிய கூரைகளில் எத்தனையில் மரநாய் இருந்தது என்று கணக்கு வைக்கவில்லை. மாந்தோப்பை ஒட்டிய வீடாக இருந்தால் ஏணியில் பாதி ஏறும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் இதை மானுபில்லி என்பார்கள், மரப்பூனை என்று அர்த்தம். அந்தப் பெயர்தான் சரி. இது நாயும் இல்லை, நாய்க்குச் சொந்தமும் இல்லை. பூனையைவிடக் கொஞ்சம் நீளம், எடை மூன்று நான்கு கிலோ இருக்கும், உடம்பளவுக்கு நீளமான வால். முகத்தில் கண்ணைச் சுற்றி மை பூசியதுபோல் கறுப்பு. என் அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டுக் கூரைக்குள் ரக்கூன் புகுந்துவிட்டதென்று வீடியோ அனுப்பினான். "மாமா, நம்ம மரநாய்க்குத் தம்பி மாதிரி இருக்கு பாருங்க" என்றான். முகமூடி போட்ட மூஞ்சி, ராத்திரி நடமாட்டம், மரம் ஏறுவது, கூரைக்குள் குட்டி போடுவது எல்லாம் ஒன்றுதான். அதன் வாலில் வளையம் வளையமாகக் கோடு இருக்கிறது, நம்முடையதற்கு இல்லை. அந்த ஊர் ஆட்கள் அதை வெளியேற்றிய விதத்தைப் பார்த்து ஒரு வித்தை கற்றுக்கொண்டேன், பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை, மேலே இருப்பது அதுதானா என்று தெரிந்துகொள்வது. எல்லாச் சத்தமும் மரநாய் இல்லை. எலி என்றால் விறுவிறுவென்று ஓடும், நின்று கொறிக்கும், மறுபடி ஓடும். அணில் பகலில்தான். வௌவால் என்றால் நடை கேட்காது, கீச்கீச்சென்று சத்தம் வரும், கீழே கறுப்பாக அரிசி அரிசியாகக் கிடக்கும், விரலால் தேய்த்தால் பூச்சி இறக்கைத் தூளாக உதிரும். புஸ்ஸு புஸ்ஸென்று பாம்பு சீறுகிற மாதிரி ராத்திரியெல்லாம் கேட்டால் பயந்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது கூகை என்கிற ஆந்தையின் குஞ்சு. அடியில் எலி எலும்பும் முடியும் உருண்டையாகக் கிடக்கும். கூகையை இருக்க விடுங்கள், அது பிடிக்கிற எலிக்கு நீங்கள் சம்பளம் கொடுத்தாலும் ஆள் கிடைக்காது.

மரநாய் நடந்தால் தொம் தொம்மென்று பலகை அதிரும். கனமான ஆள் மெதுவாக நடப்பதுபோல் இருக்கும். இருட்டி அரை மணி, ஒரு மணிக்குள் ஒரு தரம், விடியற்காலை நாலு, ஐந்துக்குள் ஒரு தரம். நடுவில் மேலே அமைதி. இந்த நேரக் கணக்கை மூன்று நாள் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் ஓட்டையை அடைக்க இந்தத் தாள்தான் உதவும்.

அடுத்தது சாணி. எங்கே வேண்டுமானாலும் போடாது, ஒரே மூலையில், அல்லது முகட்டு ஓட்டின் மேல் ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருக்கும். விரல் நீளத்துக்கு, பழக்கொட்டை அப்படியே முழுசாக. ஈச்சங்கொட்டை, சப்போட்டா விதை, நாவல் கொட்டை, பப்பாளி விதை. நடுநடுவே எலி முடி. எந்த வீட்டுத் தோட்டத்தில் என்ன பழம் காணாமல் போகிறது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

இதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் கோலமாவு. பாலக்கோட்டில் ஒரு டீச்சரம்மா வீடு. பழைய மங்களூர் ஓடு, அடியில் பலகை அடித்த மச்சு. அவர்கள் வளர்க்கும் பூனைதான் மேலே போய் வருகிறது என்று டீச்சரம்மா அடித்துச் சொன்னார்கள். நான் கூரை ஓரத்து எரவாணத்துக்குப் பக்கத்தில், சுவர்த் தலைப்பில், ஒரு முழ அகலத்துக்குப் பழைய காலண்டர் தாளை விரித்து, அதன் மேல் கோலமாவைச் சல்லடையில் சலித்துத் தூவிவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஏணியில் நின்றபடியே கையைக் காட்டிக் கூப்பிட்டேன். டீச்சரம்மா சேலையைச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார்கள். மாவில் பூ வைத்தது போலத் தடம். விரலை எண்ணச் சொன்னேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." பூனைத் தடத்தில் நான்குதான் பதியும், நகம் தெரியாது. இதில் ஐந்து விரல், முன்னால் ஊசி குத்தியது போல நகப்புள்ளி வேறு. "அப்போ இத்தனை நாளா எம் பூனையத் திட்டினேனே" என்று இறங்கிப் போய்விட்டார்கள். மாவு இல்லையென்றால் அடுப்புச் சாம்பல் போதும். ஈரமாவு வேண்டாம், ஒட்டிக்கொள்ளும்.

நான் வேலை தொடங்குமுன் வீட்டுக்காரர்களிடம் ஒன்று சொல்லிவிடுவேன். மரநாயை அடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, விஷம் வைக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற விலங்கு, மாட்டினால் ஜெயில் வரை போகும். கூண்டு வைத்துப் பிடித்துப் பத்து மைல் தள்ளி மலையடியில் விட்டுவிடலாம் என்று சிலர் கேட்பார்கள். அதுவும் சட்டப்படி தப்பு, வனத்துறை ஆள் செய்ய வேண்டிய வேலை. சட்டத்தை விடுங்கள், அதில் லாபமும் இல்லை. ஓட்டை திறந்தே இருந்தால் இது போன இடத்துக்கு அடுத்த மாமரத்திலிருந்து இன்னொன்று வரும்.

போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு பெரியவர் வேறு மாதிரி கேட்டார். "மேஸ்திரி, இதைப் பிடிச்சுப் புனுகு எடுத்தா என்ன விலை போகும்?" திருப்பதிப் பெருமாளுக்குச் சாத்துகிற புனுகு புனுகுப்பூனையிலிருந்து எடுப்பது. அது தரையில் திரிகிற வேறு விலங்கு, உடம்பில் புள்ளி வரிசை, வாலில் வளையம் இருக்கும். உங்கள் கூரையில் இருப்பதிலிருந்து கிடைக்கப்போவது நாற்றம் மட்டும்தான் என்றேன். அவருக்கு அன்றைக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

இனி நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கும் வைத்தியங்கள். பாச்சை உருண்டை: நான் பார்த்தவரை மரநாய் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் படுக்கும், வீட்டுக்குள் இருக்கிற குழந்தைக்குத்தான் தலைவலி. மிளகாய்ப் புகை: ஓட்டுக்குக் கீழே காய்ந்த பலகை, குருவிக்கூட்டு வைக்கோல், ஒட்டடை எல்லாம் இருக்கிறது, ஒரு பொறி போதும். மண்ணெண்ணெய் தெளிப்பதும் அப்படித்தான். ஒலி அலையில் விரட்டும் என்று ஆன்லைனில் விற்கிற மிஷின் ஒன்றை ஒரு வீட்டில் மாட்டியிருந்தார்கள். நான் மேலே ஏறியபோது மிஷினுக்கு அடியில், அதன் சூட்டில், மரநாய் படுத்த பள்ளம் இருந்தது. எலிப் பசை அட்டை மட்டும் தயவுசெய்து வேண்டாம். அதில் ஒட்டிக்கொண்ட குட்டி கத்துவதைக் கேட்டவன் சொல்கிறேன்.

எலி விஷம் வைத்தால் என்ன ஆகும் என்றால், அது மச்சுக்கும் ஓட்டுக்கும் நடுவில் கைக்கு எட்டாத இடத்தில் போய்ச் சாகும். பதினைந்து நாள் அந்த வீட்டில் சோறு இறங்காது. பிறகு என்னைக் கூப்பிட்டு நாற்பது ஓடு பிரிக்கச் சொல்வார்கள். கூலி எனக்குத்தான், ஆனாலும் அந்த வேலை வேண்டாம்.

வெளிச்சமும் சத்தமும் கொஞ்சம் வேலை செய்யும். பகலில் அது தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு எல்ஈடி பல்பைத் தொங்கவிட்டு நாள் முழுக்க எரியவிடுங்கள். பழைய ரேடியோவில் யாராவது பேசிக்கொண்டே இருக்கிற நிலையத்தை வைத்தால் இன்னும் நல்லது. குண்டு பல்பு வேண்டாம், சூடு ஏறிப் பலகை கருகும். ஒயரை முதலில் பாருங்கள், தோல் பிய்ந்திருந்தால் மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று நாலு நாளில் அதுவே இடம் மாறிவிடலாம். தூக்கம் கெட்டால் எவன் வாடகை வீட்டில் இருப்பான்? ஆனால் ஓட்டையை அடைக்காவிட்டால் பல்பை அணைத்த மறுவாரம் திரும்ப வரும்.

அடைப்பதுதான் முழு வேலையும். அதில்தான் நான் ஒரு தரம் பெரிய தப்பு செய்தேன்.

பன்னிரண்டு பதிமூன்று வருஷம் இருக்கும். காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளை முடிந்த வாரம், மாமரம் பூத்திருந்த நேரம். சந்தூர்ப் பக்கம் தோப்புக்குள் ஒரு வீடு. ஒரே ஓட்டை, முகட்டு ஓடு ஒன்று உடைந்து கைம்பிடி அகலம் திறந்திருந்தது. எட்டு மணிக்கு மரநாய் வெளியே போனதை நானும் வீட்டுக்காரரும் கண்ணால் பார்த்தோம். உடனே ஏறினேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, புது முகட்டு ஓடு வைத்து, சிமென்ட் கலவை பூசி, ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கே என் வேலையில் ஒரு பெருமை.

ஒரு மணிக்கு போன். "மேஸ்திரி, சீக்கிரம் வாங்க, கூரையப் பிரிச்சுப் போடுது." வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே ஓட்டுச் சில்லு கிடந்தது. நாலு ஓடு கீழே வந்து விழுந்திருந்தது, ஐந்தாவதன் விளிம்பில் தாய் இரண்டு முன்னங்காலையும் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தது. டார்ச் அடித்தேன், ஓடவில்லை. கண் பச்சையாக மின்னியது, மூக்கில் ரத்தம். உள்ளே இருந்து மெலிசாக, கோழிக்குஞ்சு சளி பிடித்துக் கத்துவது போல ஒரு சத்தம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டுக்கார அம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள், கையில் அவர்கள் பேத்தி, ஆறு மாசக் குழந்தை. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஏணியை மறுபக்கம் போட்டு ஏறி, பூசின கலவையை உளியால் தட்டி எடுத்து, முகட்டு ஓட்டைத் தூக்கி வைத்துவிட்டு இறங்கினேன். கால் மணி நேரத்தில் உள்ளே போய்விட்டது.

மறுநாள் ராத்திரி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தோம். ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வந்தது. மூன்று குட்டி. கூரை, மாங்கிளை, கிணற்றடி, அப்புறம் தோப்புக் கடைசியில் இருந்த புளியமரப் பொந்து. மூன்று நடை. நாலாவது நடையும் வந்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, சும்மா திரும்பிப் போனது. எண்ணிப் பார்க்க வந்திருக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார். உடைந்த ஓட்டுக்கும் கூலிக்கும் நான் காசு வாங்கவில்லை.

அதனால் இப்போது குட்டி இல்லை என்று தெரியாமல் ஒரு ஓட்டைக்கும் கை வைப்பதில்லை. பகலில் அடைத்தால் தாயும் சேர்ந்து உள்ளே மாட்டும். ராத்திரி அடைத்தால் குட்டி மாட்டும். நம் ஊரில் இதற்குக் குறிப்பிட்ட குட்டிபோடும் மாதம் என்று ஒன்று கிடையாது, வருஷத்தில் எப்போதும் இருக்கலாம். ஒரு ஈற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து குட்டி. எப்படித் தெரிந்துகொள்வது? தாய் வெளியே போன பின் மச்சுக்குக் கீழே நின்று பத்து நிமிஷம் காது கொடுங்கள், டிவியை அணைத்துவிட்டு. கீச்சென்ற முனகல் கேட்டால் குட்டி. ராத்திரி நடுவில், பதினொன்று பன்னிரண்டுக்கு, அது ஒரு தரம் வந்து போகிறதென்றால் பால் கொடுக்க வருகிறது என்று அர்த்தம். முன்னே எழுதச் சொன்ன தாளைப் பாருங்கள், அதில் இருக்கும்.

குட்டி இருந்தால் இரண்டு வழி. இரண்டரை, மூன்று மாதம் பொறுத்தால் குட்டியும் தாயோடு வெளியே நடக்கத் தொடங்கிவிடும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் பல்பையும் ரேடியோவையும் போட்டுத் தொந்தரவு கொடுத்தால், பெரும்பாலும் தாயே குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போகும். கண் திறக்காத சின்னக் குட்டியாக இருந்தால் ஒரு வாரம் விட்டுப் பிறகு தொடங்குங்கள். குட்டி கீழே விழுந்து கிடந்தால் பசும்பால் ஊற்றாதீர்கள். கையுறை போட்டு ஓர் அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, விழுந்த இடத்துக்கு மேலே, நாயும் எறும்பும் அண்டாத உயரத்தில் பொழுது சாயும்போது வைத்துவிடுங்கள். தாய் வந்து எடுக்கும். விடிந்தும் அப்படியே இருந்தால், அல்லது அடிபட்டிருந்தால், பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி எல்லா இடத்திலும் இருக்கிறது. ராத்திரியில் வீட்டுக்குள் புகுந்து மாட்டிக்கொண்டால் தீயணைப்பு நிலையத்துக்கு 101 அடித்தாலும் வருவார்கள்.

குட்டி இல்லையென்று உறுதியான பிறகு அடைப்பு.

முதல் நாள் பகலில், அது போய் வருகிற பிரதான ஓட்டையைத் தொடாமல், மற்ற எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுங்கள். தலை நுழைந்தால் உடம்பு நுழையும். நான் வைத்திருக்கும் அளவு மூன்று விரல்: மூன்று விரல் சேர்த்து நுழைகிற இடமெல்லாம் ஓட்டைதான். எரவாணத்தில், கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்துக்கும் அடுத்த கைமரத்துக்கும் நடுவே சுவர்த் தலைப்பில் இருக்கும் இடைவெளி, முகட்டு ஓட்டில் கலவை உதிர்ந்த இடம், பக்கச் சுவரில் காற்றுக்கு விட்ட சதுரம், சமையலறைப் புகைபோக்கி, தண்ணீர்க் குழாய் உள்ளே போகும் இடம். ஒரு வீட்டில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, டிஷ் ஆன்டெனா ஒயருக்காக ஒரு ஓடு ஓரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அது விடவில்லை.

கோழி வலை வாங்காதீர்கள். கடைக்காரர் விலை குறைவு என்று அதைத்தான் எடுத்துப் போடுவார். மரநாய் பல்லால் கடித்து இழுத்தால் ஸ்வெட்டர் பிரிவது போலப் பிரிந்துவிடும். பிளாஸ்டிக் கொசுவலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, கெட்டியான கம்பியில், ஜிஐ என்கிற துத்தநாகப் பூச்சுள்ளதாகக் கேளுங்கள். வெட்டும்போது ஓட்டையைவிடச் சுற்றிலும் மூன்று அங்குலம் அதிகம் வெட்டுங்கள். ஆணி அடித்தால் ஒரு மாதத்தில் பிடுங்கும். சுவரில் துளை போட்டு, பிளக் வைத்து, அகல வாஷரோடு ஸ்க்ரூ முடுக்குங்கள். மரத்தில் என்றாலும் ஸ்க்ரூதான். சிமென்டால் மொத்தமாக மூடிவிடலாமே என்பார்கள். ஓட்டுக்கூரைக்குக் காற்று வேண்டும், மூடினால் ஆடி மழையில், ஓடு உட்காரும் ரீப்பர் சட்டம் பூஞ்சை பூத்துப் போகும்.

இதில் இன்னொரு விஷயம். டீச்சரம்மா வீட்டில் மரநாய் போன மூன்றாவது மாசம் போன் செய்து, "எலி வந்துருச்சு" என்றார்கள். அதுவரை எலியை அதுதான் தின்றுகொண்டிருந்தது. அரை அங்குல வலை போட்டால் எலியும் நிற்கும், சுண்டெலி மட்டும் சில இடத்தில் புகும்.

இப்போது பிரதான ஓட்டை. அன்று சாயங்காலம் செய்தித்தாளைப் பந்தாகக் கசக்கி அதில் லேசாகச் செருகுங்கள். காலையில் தாள் வெளியே கிடந்தால் உள்ளே ஆள் உண்டு. மூன்று ராத்திரி தாள் அசையாமல் இருந்தால் காலி, அப்போதே நிரந்தரமாக அடைத்துவிடலாம். மழையில் நனைந்தால் தாள் தானாகச் சரியும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஆள் உண்டு, குட்டி இல்லை என்றால் அக்கா மகன் வீடியோவில் பார்த்த ஒருவழிக் கதவு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெல்டு மெஷ் துண்டு. மேல் விளிம்பை மட்டும் மூன்று இடத்தில் கட்டுக்கம்பி வளையம் போட்டு ஓட்டைக்கு வெளிப்பக்கமாகத் தொங்கவிடுங்கள், கதவு கீல் போல ஆட வேண்டும். உள்ளே இருந்து தலையால் முட்டினால் திறக்கும், வெளியே போனதும் தானாக மூடிக்கொள்ளும். திரும்பி வந்து தள்ளினால் சுவரில் போய் அழுந்தும், திறக்காது. முதல் தரம் செய்தபோது அந்தப் புத்திசாலி நகத்தை வலைக் கண்ணில் மாட்டி இழுத்துத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டது. அதன் பிறகு கீழ் விளிம்பில் ஒரு அடி நீள இரும்புக் கம்பியைக் கட்டிக் கனம் ஏற்றுகிறேன், இரண்டு பக்கமும் தகரப் பட்டை அடித்து நகம் போகாமல் செய்கிறேன். நாலு நாள் தொங்கட்டும். அதற்குள் உள்ளே நடை சத்தம் நின்றுபோகும். பிறகு அதே வலையை நாலு பக்கமும் முடுக்கிவிட்டால் அடைப்பு முடிந்தது.

ஏறுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மரநாயால் ஆஸ்பத்திரிக்குப் போனவனை நான் பார்த்ததில்லை, கூரையிலிருந்து விழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டின் நடுவில் மிதித்தால் உடையும். ஓடு ஓட்டின் மேல் ஏறி உட்காரும் கீழ் விளிம்பில், அடியில் ரீப்பர் இருக்கும் இடத்தில் பாதத்தை வையுங்கள். இரண்டு ஆள் வேலை என்றால் மூங்கில் ஏணியைக் கூரை மேல் படுக்க வைத்து அதன் மேல் ஊர்ந்து போங்கள். மார்கழிப் பனியில் காலை ஒன்பது மணி வரை ஏறாதீர்கள், பாசி பிடித்த ஓடு எண்ணெய் தடவியது போல இருக்கும். அலுமினிய ஏணியைத் தூக்கும்போது வீட்டுக்கு வரும் கரண்டு கம்பியைப் பாருங்கள். புது வீட்டு ஃபால்ஸ் சீலிங் என்றால் அட்டைமேல் காலே வைக்கக் கூடாது, அது பல்பைத் தாங்குமே தவிர ஆளைத் தாங்காது. அங்கே மரநாய் வருவது பெரும்பாலும் ஏசி குழாய்க்காகப் போட்ட துளை வழியாகவும், மொட்டை மாடி ஷீட் கூரையின் ஓரமாகவும்தான்.

கூரைக்கு ஏறும் பாதையையும் வெட்ட வேண்டும். கூரையைத் தொடும் கிளையை ஏழெட்டு அடி தள்ளி வெட்டுங்கள். மாமரத்தை மனசு வராமல் ஒரு அடி மட்டும் கழிப்பவர்கள் உண்டு, மரநாய் அந்த ஒரு அடியைத் தாண்டும்போது சிரித்துக்கொண்டே தாண்டும். தென்னை பக்கத்தில் இருந்தால், எலி ஏறாமல் இருக்கத் தோப்புக்காரர்கள் கட்டுவது போல, ஆள் உயரத்தில் இரண்டடி அகலத் தகரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். வழுக்கும், ஏற முடியாது. பெங்களூரா மாங்காய் இறங்கும் மாதங்களில் கீழே விழுந்து அழுகிய பழத்தை அன்றன்றைக்கே கூட்டி அள்ளுங்கள். மரத்திலேயே பழுத்த பப்பாளியும், திண்ணையில் பூனைக்கு வைத்த மீன் சோறும் அதற்கு எழுதிப் போட்ட அழைப்பு. கோழிக்கூண்டைப் பொழுது சாய்ந்ததும் தாழ் போடுங்கள், குஞ்சு கிடைத்தால் விடாது.

சுத்தம் செய்வது கடைசி. காய்ந்த சாணியைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி மூக்குக்குள் போகும். மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க், ரப்பர் கையுறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்து, கால் மணி ஊறவிட்டு, கரண்டியால் வழித்துச் சாக்கில் கட்டிக் குழியில் புதையுங்கள். டாய்லெட் ஆசிட்டை அதோடு கலந்துவிடாதீர்கள், விஷக்காற்று வரும். மூத்திரம் ஊறிய பலகையைக் கழுவி வெயிலில் காயவைத்தும் வாடை போகவில்லை என்றால் அந்த ஒரு பலகையை மாற்றிவிடுங்கள். அந்த வாடை இருக்கும்வரை அதற்கு அது பழைய வீடுதான், தேடிக்கொண்டு வரும்.

கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதில்லை. ஊசி அங்கே இலவசம். அடுத்தடுத்துச் சொல்கிற தேதியை விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, அடைத்த ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் கொஞ்சம் சாம்பல் தூவிவிட்டு ஏணியை அங்கேயே சாய்த்து வையுங்கள். முதல் வாரம் தினமும் வந்து முட்டிப் பார்க்கும், தடம் பதியும், வலையில் முடி ஒட்டியிருக்கும். ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் முடுக்குங்கள். பத்து நாள் சாம்பல் கலையாமல் இருந்தால் ஏணியை எடுத்துக் கொட்டகையில் வைத்துவிடலாம்.